விரல் படிக்கும், மூளை பார்க்கும்

“இந்தக் கோடு இப்படிப் போய் இங்கே முட்டும்.” வெண்பலகையில் வரைந்தபடி ஆசிரியர் இப்படிச் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒன்றும் புரியாது. “இந்த நேர்க்கோடு வட்டத்தை ‘பி’ என்ற புள்ளியில் தொடுகிறது” என்றால்? மனத்தில் படம் வந்துவிடும். பார்வையற்ற மாணவருக்கு வகுப்பில் முதலில் தேவைப்படுவது இதுதான். செலவே இல்லை!

ஜொகூர் பாருவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்றே பிரின்சஸ் எலிசபெத் பள்ளி உண்டு. ஆனால் சிம்பாங் ரெங்கத்திலிருந்து தினமும் போய்வரும் தூரமா அது? விடுதியில்தான் தங்க வேண்டும். வீட்டோடு இருந்து பக்கத்துப் பள்ளியில் படிக்கவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. உடற்குறையைக் காட்டிப் பொதுக்கல்வியிலிருந்து யாரையும் விலக்கக்கூடாது என்கிறது மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம்.

சரி, பாடநூல்? அதற்குத்தான் பிரெயில். ஆறே புள்ளிகள். ஒவ்வொன்றும் மேடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆக 2×2×2×2×2×2 = 64. வெற்றிடத்தைக் கழித்தால் 63 குறிகள். தமிழ் ‘ம’வுக்கும் ஆங்கில ‘எம்’முக்கும் ஒரே குறி. அச்சில் ‘கொ’வுக்கு இருபுறமும் துணையெழுத்து, பிரெயிலிலோ ‘க’ முதலில், ‘ஒ’ அடுத்து, ஒலிக்கும் வரிசையிலேயே.

சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது, மூளையின் பார்வைப் பகுதியே வேலை செய்வதை 1996இல் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

முட்டை அட்டையில் ஆறு குழிகளை, மூன்று வரிசை இரண்டு பத்தியாக வெட்டியெடுங்கள். இடப்பக்கம் மேலே ஒரு கோலி, கீழே ஒன்று, வலப்பக்கம் மேலே ஒன்று. தடவிப் பாருங்கள், அதுதான் ‘ம’.