உவர் நிலத்தில் நாற்று தாக்குப்பிடிப்பது எப்படி?

திருவண்ணாமலை போன்ற பாறைப் பாங்கான வட்டாரங்களில் கிணற்றை நம்பிய வயல்கள் பல. உப்பு கலந்த நீரைப் பாய்ச்சினால், வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். நெல் விதை அதிலும் ஓரளவு முளைக்கும். சோதனை அதன் பிறகுதான். இரண்டு மூன்று இலை விட்ட இளநாற்றின் வேர் நீரை உறிஞ்சத் திணறும். உள்ளே புகுந்த சோடியம் இலைகளில் குவியும். தாங்கும் நாற்றில் முதிர்ந்த அடியிலைகளின் நுனி முதலில் காயும், நடுக்குருத்து பச்சையாகவே இருக்கும். உப்பைப் பழைய இலைகளில் ஒதுக்கி, வளரும் குருத்தை அது காக்கிறது. வங்கத்தின் நோனா போக்ரா நெல்லில் 2005-இல் பிரித்தறியப்பட்ட எஸ்.கே.சி.1 மரபணு, மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப எடுத்து இலைக்குப் போகாமல் தடுக்கிறது.

தாங்கும் ரகம் இருக்க, மண்ணை ஏன் திருத்த வேண்டும் என்று கேட்கலாம். உப்பை விலக்க நாற்று செலவிடும் ஆற்றல், தூருக்கும் மணிக்கும் போக வேண்டியது. ஆகவே நாகைக் கடலோரக் குழியடிச்சானோ, களர் நிலத்துக்கென்று திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி தந்த திருச்சி 1, திருச்சி 3 ரகங்களோ எதுவானாலும், உப்பு ஏற ஏற விளைச்சல் குறையும். முதிர்ந்த நாற்றை நட்டால் ஆபத்தான பருவம் நாற்றங்காலிலேயே கழிந்துவிடும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டிய களருக்கு ஜிப்சம் இட வேண்டும். உவருக்கு நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். ரகம் இந்தப் பருவத்து விளைச்சலைக் காக்கும். மண் திருத்தம் அடுத்த தலைமுறைக்கான வயலைக் காக்கும்.