சுவரில் யார் இருக்க வேண்டும்?

'சுவத்துல படம் போடறதுக்கு எதுக்கு இவ்ளோ சண்டை?' என்று கேட்டாய், தம்பி. டீயைக் குடி, சொல்கிறேன்.

ஓவியக் கண்காட்சிக்குப் போகிறவர் படம் பார்க்கவென்றே போகிறார். சுவர்ப் படம் அப்படியல்ல. பஸ்ஸுக்கு நிற்கிறவர், கரும்பு ஏற்றிப் போகிறவர், கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வருகிறவர் எல்லோர் கண்ணிலும் அது படும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் பேசும். 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே சின்னம் வைத்தது அவர்களை நினைத்துத்தான். 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தபோது அண்ணா தி.மு.க.வுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. இரண்டு இலை, ஒரு காம்பு. பிரஷ் பிடிக்கத் தெரிந்த யாரும் வரைந்துவிடலாம்.

தேர்தல் வந்தால் நம் கச்சிராயபாளையம் பக்கமும் சுவர் பிடிப்பார்கள். வெள்ளையடித்து, கட்சிப் பெயரை எழுதி வைத்துவிட்டால் இடம் பிடித்தாயிற்று. அப்புறம் ஆர்டிஸ்ட் வருவார். வண்ணப்பொடி தடவிய நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். எழுத்து அந்தக் கோட்டில் நிற்கும். தலைவர் முகம் என்றால் சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொன்றாக நிரப்புவார். ஏணியில் நிற்கிறவருக்கு மூக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் அடிக்கடி இறங்கி, ரோட்டோரம் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

சுவரில் யார் இருக்க வேண்டும் என்ற சண்டை நம் ஊரோடு போகவில்லை. ஆன்டன் ரெஃப்ரேஜியர் என்று ஒரு ஓவியர். 1905இல் மாஸ்கோவில் பிறந்து, பதினைந்து வயதில் அமெரிக்கா போனவர். சான் பிரான்சிஸ்கோவில் ரிங்கன் அனெக்ஸ் தபால் நிலையச் சுவர்களில் ஓவியம் தீட்டும் வேலைக்கு 1941இல் போட்டி வைத்தார்கள்; அவர் வென்றார். உலகப்போர் குறுக்கே வந்ததால் 1946இல்தான் வேலை தொடங்கியது, 1948இல் முடிந்தது. மொத்தம் 27 ஓவியங்கள், கலிபோர்னியாவின் வரலாறு.

அந்த வரலாற்றில் அவர் யாரையெல்லாம் வைத்தார் என்பதுதான் விஷயம். ரயில் பாதை போட்ட தொழிலாளர்களை வைத்தார். சீனத் தொழிலாளர்கள் அடிபடுவதை வைத்தார். 1934இல் நடந்த துறைமுக வேலைநிறுத்தத்தை வைத்தார். தபால்தலை வாங்க வருகிறவர் தலை நிமிர்ந்தால், ஊர் மறக்க நினைத்தது எதிரே நிற்கும். வரையும்போதே ஆட்சேபங்கள் வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டின் முகத்தை எடுக்க வேண்டியதாயிற்று. 1953இல் ஹியூபர்ட் ஸ்கடர் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், இவை கம்யூனிசப் பிரசாரம், அத்தனையையும் அகற்ற வேண்டும் என்று தீர்மானமே கொண்டுவந்தார். மே 1ஆம் தேதி விசாரணை நடந்தது. ஓவியர்களும் அருங்காட்சியகக்காரர்களும் சான் பிரான்சிஸ்கோ மக்களும் எதிர்த்து நின்றார்கள். தீர்மானம் தோற்றது. தபால் நிலையம் அங்கிருந்து போய்விட்டது; ஓவியங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. ரெஃப்ரேஜியர் 1979இல், பிறந்த மாஸ்கோவிலேயே இறந்தார்.

அதற்காகச் சுவருக்குச் சட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்க நம் மாநிலத்தில் 1959லிருந்தே சட்டம் இருக்கிறது. கேட்காமல் அடுத்தவர் சுவரில் எழுதுவது தப்புதான். ஆனால் ஊரே சேர்ந்து ஒரு பொதுச் சுவரைக் கொடுத்தால், அதில் யாரை வரைவோம்? தலைவர்களுக்கு இடம் எப்போதும் கிடைக்கும். கோமுகி அணைக்கு மண் சுமந்தவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், மரவள்ளி பிடுங்குகிறவர்கள், மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள், இவர்களை எந்தச் சுவரில் பார்த்திருக்கிறாய்?

ஃப்ளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்துபோன ஆர்டிஸ்டுகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். இந்த முகங்களை வரைய அவர்களைவிடப் பொருத்தமானவர் கிடையாது, இந்த மக்களோடு பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடச் சுவரோ நூலகச் சுவரோ, முறைப்படி அனுமதி வாங்கி, கூலி பேசி அவர்களிடம் கொடுக்க வேண்டும். கீழே வரைந்தவர் பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கேள், தம்பி. நானும் வருகிறேன்.