கொள்ளிடத்தில் வெள்ளம்… ஷெட்டில் கிடந்த படகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதது ஏன்?

பெரம்பலூர், அரியலூர் என்றால் மக்காச்சோளம், சின்ன வெங்காயம், சிமென்ட் ஆலை ஞாபகத்துக்கு வரும். படகு வராது. இரண்டு மாவட்டத்துக்கும் கடல் கிடையாது. ஆனால் அரியலூரின் தெற்கு எல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. வடக்கே இரு மாவட்டங்களின் எல்லையிலும் வெள்ளாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் ஆறுகள்தான். வெள்ளம் வந்துவிட்டால் திருமானூர், தூத்தூர், தா.பழூர் பக்கத்துக் கரையோர ஊர்களுக்கு மோட்டார் படகு தேவைப்படும்.

சிக்கல் அங்கேதான். கடலோரத்தில் தினமும் ஓடுகிற எஞ்சின் மக்கர் செய்தால் அன்றே தெரிந்துவிடும். இங்கே வருஷத்துக்குச் சில நாள் மட்டும் ஓடி, மீதி நாளெல்லாம் தார்ப்பாய்க்குள் கிடக்கிற அவுட்போர்டு மோட்டார், வெள்ளம் வந்த இரவில்தான் 'நான் வரலை' என்று சொல்லும். தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4-வது படைப்பிரிவு இருப்பது அரக்கோணத்தில். அவர்கள் வந்து சேர்வதற்குள் கைவசம் இருக்கிற படகுதான் ஓடியாக வேண்டும்.

அக்டோபர் வரை காத்திருக்கலாமா?

கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பது வெள்ளாற்றுக்குப் பொருந்தலாம், கொள்ளிடத்துக்குப் பொருந்தாது. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் கிருஷ்ணராஜ சாகர், கபினி நிரம்பும்; பிறகு மேட்டூர் நிரம்பும்; மிச்சத் தண்ணீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து வினாடிக்கு சுமார் 2 லட்சம் கன அடி திறக்கப்பட்டது இப்படித்தான். அரியலூரில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே கரையைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் போகும். அதனால் எஞ்சினைப் பார்க்க வேண்டிய மாதம் ஜூன்.

கயிற்றை இழுத்தும் வரலையா?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம். சிவப்புக் கயிற்றோடு இருக்கும் கில் சுவிட்சின் கிளிப் மாட்டியிருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அவசரத்தில் இந்த மூன்றில் ஒன்றை மறந்துவிட்டு எஞ்சினைக் குறை சொல்வது நிறைய நடக்கும்.

அடுத்து, பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைப் பிழிந்து பாருங்கள். அதன் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். நாலைந்து தடவை பிழிந்ததும் கல் மாதிரி இறுகினால் பெட்ரோல் கார்புரேட்டர் வரை போயிருக்கிறது. எவ்வளவு பிழிந்தாலும் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது: ரப்பர் வெடித்திருக்கும், இல்லையென்றால் இணைப்பு சரியாக அமரவில்லை. எலி கடித்த குழாயும் ஒயரும் ஷெட்டில் புதுசில்லை.

பழைய பெட்ரோல் என்ன செய்யும்?

நின்றுபோன எஞ்சின்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோலைத்தான். சட்டென்று தீப்பிடிக்கும் லேசான பகுதிகள் வெயிலில் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் பழுப்பேறி, வார்னிஷ் வாடை அடிக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கியது பிசினாகி, ஊசித் துளை மாதிரி இருக்கும் ஜெட்டை அடைத்துவிடும். சோக் போட்டால் ஒரு தடவை உறுமி உடனே அணைகிற எஞ்சினுக்குப் பெரும்பாலும் இதுதான் வியாதி. கிண்ணத்தைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதினால் சரியாகும். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி வேறு தொல்லை வரும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இது இன்னும் மோசம். பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கு மசகு. பிரிந்துபோன டேங்கில் அந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியிலிருப்பதில் ஆயில் இருக்காது. எஞ்சின் எப்படியோ ஸ்டார்ட் ஆகி ஓடினாலும் ஆயிலே இல்லாமல் ஓடி, நடு ஆற்றில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் ஆகாமல் கரையில் நிற்கிற எஞ்சினைவிட இது ஆபத்து. ஆகவே போன வருஷத்துப் பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். ஆயில் கலவை எஞ்சின் கையேடு சொல்கிறபடி இருக்க வேண்டும். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. ஆயிலும் நீரால் குளிரும் படகு எஞ்சினுக்கானதாக இருக்கட்டும். டேங்க் மேல் ஒரு டேப் ஒட்டி, ஊற்றிய தேதியை எழுதி வைத்தால் வாக்குவாதமே வராது.

பெட்ரோல் சரி என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை, அல்லது சோக் அதிகம். பிளக்கை எஞ்சினின் உலோகத்தில் தொடவைத்து, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். சோதனையைப் பிளக் துளைக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். மூடிய அறைக்குள்ளும் வேண்டாம்.

கயிறே நகரவில்லையா? பலம் காட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஆயில் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மேலிருக்கும் பிளைவீலைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

பைக் மெக்கானிக் போதுமா?

பெரம்பலூரில் அவுட்போர்டு மெக்கானிக்கைத் தேடுவதைவிட, ஒரு காலத்தில் ஆர்எக்ஸ் 100 பிரித்து மாட்டிய கையைத் தேடுவது சுலபம். மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர் பழுதுபார்ப்பவருக்கும் டூ ஸ்ட்ரோக் அத்துப்படி. கார்புரேட்டர், பிளக், காயில் வேலையை இவர்களிடம் தைரியமாக ஒப்படைக்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் பைக் பழக்கம் காலை வாரிவிடும். அந்த வண்டிகள் காற்றில் குளிர்பவை. ஸ்டாண்டு போட்டு முறுக்கிப் பார்க்கலாம். அவுட்போர்டு அடியில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்வது. அதன் பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர் ஒரு ரப்பர் சக்கரம். தண்ணீர் இல்லாமல் தரையில் வைத்து ஸ்டார்ட் செய்தால், சில நொடிகளிலேயே அந்த ரப்பர் தேயத் தொடங்கும். 'நேத்து ஷெட்ல நல்லாத்தானே ஓடுச்சு' என்ற எஞ்சின் ஆற்றில் சூடேறி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

சோதிப்பதென்றால் 200 லிட்டர் பேரலிலோ சிமென்ட் தொட்டியிலோ எஞ்சினின் அடிப்பகுதி மூழ்கும்படி மாட்டி, நியூட்ரலில் ஓட்டுங்கள். பின்பக்கச் சிறு துளை வழியே தண்ணீர் பீய்ச்சி வர வேண்டும். வரவில்லை என்றால் உடனே அணையுங்கள். அந்தத் துளையில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம்; மெல்லிய கம்பியால் தட்டிவிட்டால் போதும். அதற்கும் வரவில்லை என்றால் இம்பெல்லர். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் இதழ்கள் வளைந்தபடியே விறைத்துவிடும், ஆகவே 'ஓட்டவே இல்லையே, எப்படிக் கெடும்?' என்ற கேள்வி செல்லாது. கொள்ளிடத்து மணல் அதை இன்னும் சீக்கிரம் அரைக்கும். ஆகாயத்தாமரை மண்டிய இடத்தில் தண்ணீர் நுழையும் சல்லடையே அடைத்துக்கொள்ளும். போகிற வழியிலும் அந்தப் பீய்ச்சல் மீது ஒரு கண் இருக்கட்டும்.

கியர் ஆயிலையும் ஒரு சொட்டு இறக்கிப் பார்க்க வேண்டும். பால் டீ நிறத்தில் வந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது.

திரும்ப ஷெட்டுக்குப் போகும்போது

கார்புரேட்டர் எஞ்சின் என்றால், பேரல் தண்ணீரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டால், கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து தானாக அணையும். பிறகு நிமிர்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் பேரலில் ஓட்டினால் மேலே சொன்னதில் பாதி வராது. ஒரு டப்பாவில் உபரி பிளக், பிளக் ஸ்பேனர், கயிறு. படகில் இரண்டு துடுப்பு.

படகு கவிழ்ந்து எஞ்சின் முழுசாக மூழ்கிவிட்டால், வெளியே எடுத்து வெயிலில் காயவைப்பதுதான் பெரிய தப்பு. காற்று பட்ட சில மணி நேரத்திலேயே உள்ளே துரு ஏறிவிடும். பிளக்கைக் கழற்றி, நல்ல தண்ணீரில் மண்ணைக் கழுவி, கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, ஆயில் விட்டு, அன்றே ஓடவைக்க வேண்டும். அன்றே ஆள் கிடைக்கவில்லையா? மெக்கானிக் வரும்வரை அதை ஒரு பேரல் நல்ல தண்ணீருக்குள்ளேயே மூழ்கடித்து வைத்திருப்பது மேல்.