மொழிபெயர்க்கும் பொறியும் நாடுகளின் அரசியலும்



பழைய நாளில் தோட்டத்துத் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கிராணியார் ஒருவர் நின்றார். துரை ஆங்கிலத்தில் சொன்னதை அவர் தமிழில் சொல்வார். தொழிலாளி தமிழில் முறையிட்டதை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பார். அவர் ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதன் பலன் தொழிலாளியின் சம்பளத்தில் வந்து நிற்கும். இரண்டு மொழிகளுக்கு நடுவே நிற்பவருக்கு எத்துணைப் பெரிய பொறுப்பு உண்டு என்பதை நம் மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று அந்த இடத்தில் கைப்பேசி வந்து நிற்கிறது. மலாயில் வந்த கடிதத்தைப் படம் பிடித்தால் தமிழில் காட்டுகிறது. அடுத்த லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளியோடு நாலு வார்த்தை பேசவும் உதவுகிறது. இந்தப் பொறிக்கு மொழி கற்பித்தவர்கள் யார்? எதற்காகக் கற்பித்தார்கள்? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவற்றையே இன்று காண்போம்.

முதலில், ஒரு சொல் நாடுகளுக்கு இடையே என்ன செய்யும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று பார்ப்போம். ஆப்பிரிக்கக் கண்டத்தில் எத்தியோப்பியா என்ற நாடு உண்டு. 1889ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்னர் இரண்டாம் மெனெலிக், இத்தாலி அரசோடு உச்சாலி உடன்படிக்கை என்ற ஒப்பந்தத்தைச் செய்துகொண்டார். அது அம்ஹாரிக், இத்தாலியம் ஆகிய இரு மொழிகளில் எழுதப்பட்டது. அதன் 17ஆவது விதியில்தான் வில்லங்கம் இருந்தது. ‘பிற நாடுகளோடு பேசும்போது மன்னர் விரும்பினால் இத்தாலியின் உதவியைப் பெறலாம்’ என்று அம்ஹாரிக் ஏடு சொன்னது. இத்தாலிய ஏடோ, இத்தாலியின் வழியாகவே பேசுவதற்கு மன்னர் இசைந்துவிட்டார் என்று சொன்னது. ‘பெறலாம்’ என்பதற்கும் ‘பெறவேண்டும்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, சுதந்திர நாட்டுக்கும் அடங்கிய நாட்டுக்கும் உள்ள வேறுபாடாயிற்று. மெனெலிக் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டார். போர் மூண்டது. 1896 மார்ச் முதல் நாள் அட்வா என்ற இடத்தில் எத்தியோப்பியர் இத்தாலியப் படையை முறியடித்தார்கள். அதே ஆண்டில் அந்த ஒப்பந்தமும் செல்லாது என்றாயிற்று. இரு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

நம் காலத்துக்கு அருகிலும் சான்று உண்டு. 1967 நவம்பர் 22ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் 242ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அண்மைய போரில் கைப்பற்றிய நிலத்திலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலகவேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. எல்லா நிலத்திலிருந்துமா, சிலவற்றிலிருந்து மட்டுமா? ஆங்கில ஏட்டை இரண்டு விதமாகவும் கொள்ளலாம் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். பிரெஞ்சு ஏடோ, அந்த நிலங்கள் அனைத்தையும் குறிப்பதுபோல் அமைந்திருக்கிறது. இந்த வழக்கு இன்றும் ஓயவில்லை.

ஆகவே, நாடுகளின் உறவில் மொழிபெயர்ப்பு என்பது ஒரு சிறு எழுத்தர் வேலை அன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் நாஜித் தலைவர்கள்மீது வழக்கு நடந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளிலும் பேசுவதை அப்போதைக்கப்போதே மொழிபெயர்த்துக் காதுக் கருவியின் வழியாகக் கேட்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. அதை அமைத்தவர்களில் முதன்மையானவர் லியோன் டோஸ்டர்ட் என்பவர். மனிதரைக் கொண்டு இதைச் செய்துகாட்டிய அவரே, சில ஆண்டுகளுக்குப் பின் பொறியைக் கொண்டு மொழிபெயர்க்கும் முயற்சியிலும் முன்னின்றார்.

அப்போது அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் இடையே பனிப்போர் நடந்துகொண்டிருந்தது. சோவியத் விஞ்ஞானிகள் எழுதிக் குவிக்கும் ஏடுகளைப் படித்தறிய அமெரிக்காவில் ரஷ்யம் தெரிந்தவர் போதவில்லை. எதிரி என்ன செய்கிறான் என்று தெரியாத அச்சமே இந்த ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொண்டுவந்தது. 1949இல் வாரன் வீவர் என்ற கணித அறிஞர் கணிப்பொறியால் மொழிபெயர்க்க முடியும் என்று ஒரு குறிப்பு எழுதிப் பல அறிஞர்களுக்கு அனுப்பினார். 1954 ஜனவரி 7ஆம் நாள் நியூயார்க் நகரில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் அதை ஊரறியச் செய்துகாட்டின. ரஷ்யம் அறியாத ஒரு பெண் ரஷ்ய வாக்கியங்களை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தார். கணிப்பொறி அவற்றை ஆங்கிலமாக்கித் தந்தது. இன்னும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் வேலை கைகூடும் என்று டோஸ்டர்ட் நம்பினார். சோவியத் அறிஞர்களும் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலத்தை ரஷ்யமாக்கும் சோதனையை 1955இலேயே அவர்கள் தொடங்கினார்கள்.

ஆனால் அந்தப் பொறியிடம் இருந்தவை 250 சொற்களும் 6 இலக்கண விதிகளுமே. வாக்கியங்களும் முன்கூட்டியே பார்த்துப் பொறுக்கி எடுத்தவை. பாடப் புத்தகத்தில் படித்த கேள்வியே தேர்விலும் வந்தால் மாணவன் நன்றாகத்தானே எழுதுவான்!

உண்மையான சிக்கல் எங்கே என்பதை நம் தோட்டத்துச் சொல் ஒன்றாலேயே விளக்கலாம். ‘மழை பெய்து பால் கெட்டுவிட்டது’ என்று ரப்பர் தோட்டத்தில் ஒருவர் சொன்னால் நாம் என்ன நினைப்போம்? மங்கில் இறங்கிய ரப்பர் பாலை நினைப்போம். அதே சொல்லைப் பட்டணத்துப் பெண்மணி ஒருவர் கேட்டால் பசும்பாலை நினைப்பார். இலக்கண ஆசிரியர் வகுப்பில் ‘பால்’ என்றால் ஆண்பாலும் பெண்பாலும் நினைவுக்கு வரும். மூன்றையும் பிரித்துக் காட்ட அகராதி போதாது. பேசுகிறவர் எங்கே நிற்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்ற உலக அறிவு வேண்டும். யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற அறிஞர் 1960இல் இதைத்தான் எடுத்துச் சொன்னார். ஆங்கிலத்தில் ‘பென்’ என்ற சொல்லுக்குப் பேனா என்றும், குழந்தை விளையாடும் சிறு அடைப்பு என்றும் பொருள் உண்டு. ‘பெட்டி பென்னுக்குள் இருந்தது’ என்றால் எது பொருள்? பேனாவுக்குள் பெட்டி அடங்காது என்பது குழந்தைக்கும் தெரியும். அன்றைய பொறிக்குத் தெரியாது.

இதன் விளைவாக 1966இல் அமெரிக்காவில் ஒரு வல்லுநர் குழு அறிக்கை வெளியிட்டது. பொறியின் மொழிபெயர்ப்பு மனிதரின் வேலையைவிடத் தாமதமானது, பிழை மிகுந்தது, செலவும் இரு மடங்கு என்று அது கூறியது. அத்தோடு அங்கே பெரும்பாலான ஆராய்ச்சிக்குப் பணம் நின்றுபோயிற்று. அரசியல் அச்சம் திறந்த கதவை அரசாங்கக் கணக்கு மூடியது எனலாம்.

மீண்டும் கதவு திறந்தது கனடா நாட்டில். அங்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் சம உரிமை உடைய மொழிகள் என்று 1969இல் சட்டம் வந்தது. வானிலை அறிக்கைகளை இரு மொழிகளிலும் நாள்தோறும் வெளியிடவேண்டும். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் அதற்கென்றே உருவாக்கிய பொறி 1977இல் வேலைக்கு வந்து, ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைத்தது. காற்று, மழை, பனி என்று சொற்கள் குறைவாக இருந்ததால் அது தடுமாறவில்லை.

அடுத்த பெரிய மாற்றமும் கனடாவின் தாளிலிருந்தே வந்தது. அந்நாட்டு நாடாளுமன்ற விவாதம் முழுவதும் இரு மொழிகளிலும் அச்சாகிறது. 1980களின் இறுதியில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள், இலக்கண விதிகளைப் புகட்டுவதை விட்டு, இந்த இரு ஏடுகளையும் பொறியிடம் கொடுத்தார்கள். இந்த ஆங்கிலச் சொல் வந்த இடத்தில் எந்தப் பிரெஞ்சுச் சொல் எத்தனை முறை வந்தது என்று அது எண்ணி எண்ணிக் கற்றது. 2006இல் கூகிள் நிறுவனம் தொடங்கிய மொழிபெயர்ப்புச் சேவையும் இந்த வழியையே பின்பற்றியது. ஐக்கிய நாடுகள் மன்றத்தின் ஏடுகளும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஏடுகளும் அதற்குத் தீனியாயின. 2011இல் தமிழும் அதில் சேர்ந்தது. 2016 முதல், வாக்கியம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் புதிய முறை வந்தபின் நடை மேலும் சீராயிற்று.

இங்கேதான் நேயர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். எந்த மொழிக்கு அரசாங்கத் தாள்கள் இரு மொழிகளில் குவிந்து கிடக்கின்றனவோ, அந்த மொழியைப் பொறி நன்றாகக் கற்கிறது. ஐக்கிய நாடுகளின் ஆட்சிமொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம். தமிழ் அதில் இல்லை. கோடிக்கணக்கானோர் பேசினாலும், இணையாக அச்சான ஏடு குறைந்த மொழிக்குப் பொறி குறைவாகவே தேறும். மொழியின் பெருமையைவிட, அம்மொழிக்கு அரசியலில் கிடைத்த இடமே இதை முடிவு செய்கிறது. ஆகவே நம் பிள்ளைகள் நல்ல தமிழில் எழுதுவதும், பிறமொழிச் செய்தியைத் தமிழில் தருவதும் நாளைய பொறிக்கும் பாடமாகும்.

சிறிதளவு தேறிய பொறியை முழுதாக நம்பினால் என்ன நேரும்? 2017 அக்டோபரில் பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளி ஒருவர் தம் வேலையிடத்தில் புல்டோசர் இயந்திரத்தின் அருகில் நின்ற படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, அரபு மொழியில் காலை வணக்கம் எழுதினார். பொறி அதை ஹீப்ரு மொழியில் ‘அவர்களைத் தாக்குங்கள்’ என்று பெயர்த்துவிட்டது. இஸ்ரேலியக் காவலர் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அரபு தெரிந்த அதிகாரி எவரும் அதை முன்னதாகப் படிக்கவில்லை. பிழை தெரிந்தபின், சில மணி நேரம் கழித்து அவரை விடுவித்தார்கள். இரு இனத்தாருக்கு இடையே சந்தேகம் நிறைந்த மண்ணில், உழைக்கும் ஒருவரின் காலை வணக்கமே குற்றமாகிவிட்டது.

பொறியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கடை விலை கேட்கவும், வழி விசாரிக்கவும், நண்பரோடு பேசவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் வேலை ஒப்பந்தம், வீட்டுக் கடன், நிலப் பத்திரம், மருந்துச் சீட்டு, நீதிமன்ற அழைப்பு ஆகியவற்றில் மூன்று செயல்களை மறவாதீர்கள். முதலாவது, ‘இல்லை’, ‘கூடாது’, ‘வேண்டும்’, ‘லாம்’ போன்ற சொற்களையும், தேதியையும் தொகையையும் மூல ஏட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது, பொறி தந்த தமிழைத் திரும்ப மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர்க்கச் செய்யுங்கள்; பொருள் மாறினால் எங்கோ பிழை இருக்கிறது. மாறாவிட்டாலும் அது போதிய சான்று ஆகாது. ஆகவே மூன்றாவதாக, இரு மொழியும் தெரிந்த ஒருவரிடம், பள்ளியில் படிக்கும் உங்கள் பெண்ணிடமோ தொழிற்சங்கக் காரியதரிசியிடமோ காட்டிய பின்பே கையொப்பம் இடுங்கள்.

மெனெலிக் மன்னர் தம் மொழியில் இருந்த ஏட்டை மட்டும் நம்பிக் கையொப்பமிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு படை இருந்தது. பிழையைப் போரால் திருத்தினார். நமக்குப் பின்னால் படை இல்லை. கையெழுத்துப் போடுமுன் கேட்கும் கேள்விதான் நமக்குப் படை.