நின்றுபோகும் குதிரை

1929-இல் வெளிவந்த ‘திரைப்படக் கேமராவுடன் ஒரு மனிதன்’ என்ற சோவியத் மௌனப்படத்தில், குதிரைவண்டியில் போகும் பெண்களைக் கேமராக்காரர் காரில் நின்றபடி துரத்திப் படமெடுக்கிறார். ஓடிக்கொண்டிருந்த குதிரை திடீரென உறைந்துவிடுகிறது. அடுத்துச் சில முகங்கள் அசைவில்லாமல் வருகின்றன. பிறகு பார்த்தால், அவை ஓரத்தில் துளையிட்ட பிலிம் துண்டுகள். வெட்டி ஒட்டும் மேஜையில் படத்தின் எடிட்டர் யெலிசவேத்தா ஸ்விலோவா அவற்றைக் கையாண்டுகொண்டிருக்கிறார். அவர் இயக்குநர் ஜிகா வெர்தோவின் மனைவி. காரில் நிற்கும் ஒளிப்பதிவாளர் மிகயீல் காஃப்மன் வெர்தோவின் தம்பி (குடும்பத் தொழில் என்றே சொல்லலாம்). கதையும் நடிகர்களும் இல்லாத இந்த ஆவணப்படத்தை வெறும் கேமரா விளையாட்டு என்று சக சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனே ஒதுக்கினார். எனக்கு அப்படிப் படவில்லை. கண்ணை ஏமாற்றும் கருவி எப்படி ஏமாற்றுகிறது என்பதை இந்த விளையாட்டுகள்தான் பார்வையாளருக்குக் கற்றுத்தருகின்றன.

அன்றைய கேமராவின் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை ஒரு சுற்றுச் சுற்றினால் பொதுவாக எட்டுப் படங்கள் பதியும். நொடிக்கு இரண்டு சுற்று என்றால் பதினாறு. மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை வழக்கமான வேகத்தில் திரையிட்டால் தெருவே பறக்கும். விரைவாகப் பதிந்திருந்தால் ஓடுபவர் மிதப்பார். லென்ஸில் பாதியை மறைத்துப் படமெடுத்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியில் வேறொரு காட்சியைப் பதிந்தால் இரண்டும் ஒரே சட்டத்தில் சேரும். ஒவ்வொரு படத்துக்கும் இடையே முக்காலியைச் சற்று நகர்த்திவைத்தால் அது தானே நடக்கும். உறைந்த குதிரை மட்டும் கேமராவில் பிறந்ததல்ல: ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்ததால் வந்தது. சுழலும் அந்தக் கைப்பிடியையே படம் அடிக்கடி நமக்குக் காட்டுகிறது.

இதிலும் ஒப்பனை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. காலையில் துயிலெழும் பெண்ணின் காட்சி ஏற்பாடு செய்து எடுத்ததுதான். காரில் நிற்கும் காஃப்மனைப் படமெடுத்த இரண்டாவது கேமரா நம் கண்ணில் படுவதே இல்லை. கீவ், ஒடேசா, கார்கிவ், மாஸ்கோ ஆகியவற்றில் எடுத்தவை ஒரே நகரம்போலத் தைக்கப்பட்டிருப்பதையும் படம் சொல்வதில்லை. ஆகவே வெர்தோவின் வெளிப்படைத்தன்மை அரைகுறையானது. ஆனால் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டியின் ‘நானூக் ஆஃப் த நார்த்’ (1922) என்ற ஆவணப்படத்தை அருகில் வைத்தால் வேறுபாடு புரியும். பனிவீட்டுக்குள் படமெடுக்க வெளிச்சம் போதாததால், ஒருபக்கம் திறந்த வீட்டைக் கட்டச்செய்து, குளிர் நுழையும் அந்த இடத்தில் படத்தில் வரும் இன்யூட் குடும்பத்தை உறங்கவைத்தார் அவர். அதைப் பற்றிப் படத்தில் ஒரு குறிப்பும் இல்லை. வெர்தோவின் படத்தைப் பார்த்துப் பழகிய கண், அந்தக் காட்சியில் இவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும்.