உங்களுக்குத் தெரியுமா? மலையேறினால் மாறும் கலவை

மலையடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மலைமேல் உள்ள செம்மேட்டை அடையும்போது உயரம் 1,000 மீட்டரைத் தாண்டிவிடும். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரை அடிவாரத்தில் சரியாக வைத்திருந்தாலும், மேலே பெட்ரோலின் விகிதம் கூடும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். ஒரு கார்புரேட்டருக்கே இந்தப் பாடு. 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் காரில், ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர்களுக்கு எஸ்.யு. கார்புரேட்டர்கள் மூன்று! அவற்றைச் சரிசெய்யும்போது, முதலில் மூன்றும் இழுக்கும் காற்றைச் சமமாக்க வேண்டும்; ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரைச்சலை ஒப்பிடுவது பழைய மெக்கானிக்குகளின் வழி. அதன் பிறகே கலவை. கார்புரேட்டர் பிஸ்டனைச் சுமார் 1 மில்லிமீட்டர் தூக்கும்போது எஞ்சின் வேகம் கூடி நீடித்தால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணைந்தால் குறைவு.