பழைய கணினிக்கு இன்னும் வேலை இருக்கிறது

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. அவை இல்லாத கணினிகள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், கழித்துக் கட்டப்படுகின்றன. ஏற்கெனவே 2022-இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது அதில் கால்பங்குகூட இல்லை.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘ஃப்ரீ கீக்’ என்ற தொண்டு அமைப்பு இதற்கு ஒரு வழி காட்டியது. நன்கொடையாக வந்த பழைய கணினிகளைத் தொண்டர்கள் பிரித்தார்கள். ஹார்ட் டிஸ்கில் இருந்த தகவல்களை அடியோடு அழித்தார்கள். ரேம், மதர்போர்டு என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, தேறிய பாகங்களைச் சேர்த்துக் கணினி கட்டி, உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பதிந்தார்கள். லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை; எத்தனை கணினியில் பதிந்து யாருக்குக் கொடுத்தாலும் சட்டம் குறுக்கே நிற்காது. இந்த வேலைக்கு உயிர்நாடி அதுதான்.

அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது, அவர்கள் கணினியைக் கொடுத்த விதம். 24 மணி நேரம் தொண்டாற்றியவருக்கு ஒரு கணினி. கட்டும் பிரிவில் சேர்ந்தவர் ஐந்து கணினிகளை அமைப்புக்குக் கட்டிக்கொடுத்தால், ஆறாவது அவருக்கே சொந்தம். யாரும் கையேந்தி நிற்கவில்லை, உழைத்து வாங்கினார்கள். கோளாறு வந்தால் தாமே திறந்து பார்க்கும் துணிவும் கூடவே வந்தது. சொல்லித்தராமல் தானமாக மட்டும் கொடுக்கும் கணினி, முதல் பழுதிலேயே மூலைக்குப் போய்விடும்.

பழைய மடிக்கணினி திணறுவதற்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்கும் குறைந்த ரேமும்தான். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக, சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, ரேமும் 4 ஜி.பி. இருந்தால், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு அன்றாட வேலைக்குப் போதும். லிப்ரே ஆபீஸில் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். கணக்கு எழுத உதவும் டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவருக்கு மட்டும் இது உதவாது. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய மடிக்கணினி தூங்கிக்கொண்டிருக்கலாம். கோப்புகளை டெலிட் செய்தால் போதாது, டிஸ்கை முழுவதுமாக அழித்துவிடுங்கள். லினக்ஸைப் பதிந்து, சார்ஜரோடு கொடுங்கள். வாங்குபவரோடு ஒரு நாள் உட்கார்ந்து சொல்லியும் கொடுங்கள்.